கன்றை விடாமல் கறந்த பால்காரர்

நான் வேலை பார்த்த நாளிதழில் டிவி நிகழ்ச்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கருத்துகளைத் திருத்திப் போடுவது என் பொறுப்பு. அந்த வருடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றியவை. மலையூர் ஒன்றில், ஓய்வுபெற்ற தபால்காரம்மா சின்னச் சின்னத் திருட்டுகளைக் கண்டுபிடிப்பார். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. கடைசிக் கதையில் ஊர் மன்றத்தின் வெள்ளிக் கோப்பை காணாமல் போயிருந்தது. போட்டோக்காரரா, பாட்டு வாத்தியாரா, பால்காரரா என்று வாசகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

கே.கே. நகரில் என் எதிர்வீட்டுக்காரர் பால்காரர் கட்சி. உசிலம்பட்டிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஞாயிறு மாலை அந்தத் தொடரை அவர் வீட்டில்தான் பார்ப்பேன்.

"அண்ணே, கன்ன அவுத்து விடாம எவனாச்சும் பால் கறப்பானா? நேரா செம்ப வச்சு உக்காந்துட்டான். மாடு எப்படிச் சுரக்கும்? அவன் பால்காரனே இல்ல. வேசம் கட்டி வந்திருக்கான்."

கடைசிப் பகுதி வந்த ஞாயிறன்றுதான் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணும் பையனும் ஏற்கெனவே போனில் பேசி, இருவருக்கும் பிடித்திருந்தது. இனி இதைக் கெடுக்கக்கூடியவர் ஒருவர்தான். முன்பு வந்த ஒரு சம்பந்தம், ஒரு காளையின் வயதைப் பல்லை எண்ணிச் சொல்வதில் பெண்ணின் அப்பா நடத்திய வாக்குவாதத்தால் முறிந்திருந்தது.

"அந்தப் பால்காரனப் பத்தி இன்னைக்கு வாயத் தெறக்கக் கூடாது," என்றார் அவர் மனைவி. பிறகு என்னிடம், "நீங்க பக்கத்துலயே உக்காருங்கண்ணே. ஆரம்பிச்சாருன்னா தொடையில ஒரு கிள்ளு கிள்ளுங்க."

வந்தவர்களும் உசிலம்பட்டிப் பக்கம்தான். கேசரி, வடை, காபி எல்லாம் முடிந்தது. பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரர் மழையைப் பற்றி மட்டும் பேசினார். தொடர் தொடங்கும் நேரம் நெருங்க, அவர் கண் இருட்டாகக் கிடந்த டிவியின் மேலேயே இருந்தது.

பையனின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. இன்னைக்குக் கடைசின்னு சொன்னாங்க. கொஞ்சம் டிவியப் போடலாமா?"

"வந்த எடத்துலயுமா?" என்றார் அவர் மனைவி. "வீட்டுல ஒரு மாசமா இதே பேச்சுத்தான். போட்டோக்காரன்தான் எடுத்தான்னு நானும் சொல்லிட்டேன், கேக்க மாட்றாரு."

"போட்டோக்காரன் இல்ல," என்றார் பையனின் அப்பா. "பால்காரன். கன்ன விடாமக் கறக்குறான் பாருங்க, அங்கேயே தெரிஞ்சுபோச்சு."

நான் கிள்ளினேன். பலனில்லை.

"அப்படிப் போடுங்க!" எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மடியக்கூடக் கழுவல, கவனிச்சீங்களா?"

"காலக் கட்டலையே."

"மாடு ஒதைக்கவும் இல்லையே. அதுவும் கூட்டுக் களவாணிதான்."

சமையலறை வாசலில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

டிவியைப் போட்டோம். கோப்பையை எடுத்தவர் பாட்டு வாத்தியார். நசுங்கிய விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, ஆண்டு விழாவில் எல்லோரையும் அசத்தலாம் என்று எடுத்துப் போயிருந்தார். பால்காரர் வெறும் பால்காரர். கடைசிக் காட்சியிலும் அவர் கன்றை விடாமலே கறந்தார்.

எதிர்வீட்டுக்காரர் எழுந்து டிவியை அணைத்தார்.

"அந்த டைரக்டரு மாட்டையே பாத்ததில்ல," என்றார் பையனின் அப்பா.

"நம்மள ஏமாத்திப்புட்டான் மச்சான்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன்பே மச்சான் என்று அழைத்துவிட்டதை அவர் உணரவில்லை. மற்ற எல்லோரும் உணர்ந்தார்கள். பையனின் அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

"மாட்டுப் பஞ்சாயத்து முடிஞ்சுதுல்ல? பிள்ளையக் கூப்பிடுங்க, பூ வைப்போம்."

அந்த வாரம் வந்த கருத்துகளில் ஒன்று இப்படி இருந்தது: "கன்றை விடாமல் பால் கறக்கவைத்து, விவரம் தெரிந்த பார்வையாளர்களைத் திசைதிருப்பியதைக் கண்டிக்கிறோம்." கீழே இரண்டு பெயர்கள், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'சம்பந்திகள்'. வாசகர் கருத்துகளை நான் வழக்கமாகப் பாதியாகக் குறைப்பேன். அதில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.