புது போனில் வந்த வெள்ளைப் பாறைகள்

குவைத்திலிருந்து என் கணவர் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய போன் பூலாம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது, அதை எப்படி அணைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பழைய போனில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். இதில் அதையே செய்தால் ஒரு பெண் குரல், என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. "ஒண்ணும் வேணாங்க" என்று பதில் சொல்லிவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

நான் பட்டப்படிப்பு முடித்தவள். ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கணினியில் தட்டச்சு செய்கிறேன். ஆனாலும் இந்தப் போன் என்னைப் புதிதாக எழுத்துக் கூட்ட வைத்தது. அழைப்பு வந்தால் பழையதில் வலப்பக்கம் தள்ளுவேன், இதில் மேலே தள்ள வேண்டும். பழக்கத்தில் கை பக்கவாட்டில் போகும். அழைத்தவர் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார், நான் இந்தப் பக்கம் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அரியலூரில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள்தான் புது போனைத் தயார் செய்து கொடுத்தாள். அவளுடைய போன் கீழே விழுந்து திரை செத்துப் போயிருந்ததால், என் பழைய போனில் தன் சிம்மைப் போட்டு எடுத்துக்கொண்டாள்.

"உன் பழைய நம்பரு, போட்டோ எல்லாம் தானா இதுக்கு வந்துடும். நீ எதையும் தொடாம இரும்மா, போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நானும் தொடவில்லை.

சில வாரங்கள் கழித்து, பள்ளியில் ஒரு ரசீதைப் படம் எடுத்தேன். எடுத்த படம் எங்கே போனது என்று தேடப்போக, எல்லாப் படங்களும் வரிசையாகத் திறந்துகொண்டன. மகளின் பிறந்தநாள் கேக், மாமியாரின் மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எல்லாம் என்னுடையவைதான். ஆனால் அவற்றுக்கு மேலே நான் எடுக்காத படங்கள் இருந்தன. மரமே இல்லாத வெள்ளை நிலம். வெட்டி எடுத்த பாறைச் சுவர்கள். உடைந்த கற்களின் நெருக்கப் படங்கள், சிலவற்றின் பக்கத்தில் ஒரு பேனா. ஒரு படத்தில் பெரிய பள்ளம், அடியில் பச்சையாகத் தண்ணீர். எடுத்தவர் பள்ளத்தின் விளிம்பிலேயே நின்று எடுத்திருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் போனை ரெண்டு நாள் தானே வைத்து ஓட்டிப் பார்த்ததாக என் கணவர் சொல்லியிருந்தார். அப்படியானால் இது அவர் எடுத்தது. இது குவைத். எனக்கு அப்படித்தான் பட்டது. ஏசி குடோனில் வேலை என்று சொன்ன மனுஷன் வெயிலில், இப்படி ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறாரா? மறைக்கக்கூடியவர்தான். அங்கே மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்ததையே குணமான பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் வீடியோவில் வந்தார்.

"என்னங்க, அங்க வெயில் எப்படி?"

"இந்த ஊர்ல வெயிலத் தவிர வேற என்ன இருக்கு."

"வேலை உள்ளதானே? வெளிய எங்கயும் அனுப்பலையே?"

"குடோன்லதான். ஏன்?"

"இல்ல, பாறை கீறை வெட்டுற எடத்துக்கு..."

"பாறையா? என்னடி உளர்ற?"

"கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா காட்டுங்க."

இரண்டு உள்ளங்கைகளையும் கேமரா முன்னால் விரித்தார். கொப்புளம் எதுவும் தெரியவில்லை. அங்கே வெளிச்சமும் போதவில்லை.

"புது போன் வாங்கிக் குடுத்தது இதுக்குத்தானா? நாளைக்கு காலைக் காட்டச் சொல்லுவ போலருக்கு" என்று சிரித்தார்.

மேலே கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அதற்குப் பிறகு தினமும் அந்தப் படங்களைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி அலுவலகத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரிசையின் தலையில் புதிதாக ஒரு படம் வந்து உட்கார்ந்தது. போன் என் கையில் இருக்கிறது. நான் எதையும் அழுத்தவில்லை. போனை வேறு யாரோ எங்கிருந்தோ இயக்குகிறார்கள் என்று நினைத்து அதை மேசையில் வைத்தேன். அடுத்து இன்னொரு படம். வெள்ளைத் தரை, அதன் ஓரத்தில் ஒரு கால். காலில் பழுப்புச் செருப்பு, அறுந்த வாரில் கறுப்பு நூல் தையல்.

அந்தத் தையலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்று மகளுக்குப் போட வைத்தது நான். பழுப்பு நூல் இல்லையென்று செருப்புத் தைப்பவர் கறுப்பிலேயே தைத்தார்.

குவைத் இல்லை. அரியலூர். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்ட பள்ளங்கள். மழைத் தண்ணீர் நின்று, எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாமல் கிடப்பவை. குளிக்கப் போன பையன்கள் திரும்பாத கதைகளைக் கேட்டுத்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வளர்கிறார்கள். என் மகளிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் படங்கள் எப்படி என்னிடம் வருகின்றன என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவள் கால் அங்கே இருக்கிறது என்பது மட்டும் விளங்கியது.

அழைத்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அவை வந்துகொண்டிருந்தன. முதலில் பள்ளமும் தண்ணீரும் முழுதாகத் தெரிந்தன. அடுத்ததில் தண்ணீர் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே. கடைசியாக வந்ததில் படம் முழுக்கப் பச்சைத் தண்ணீர், வேறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு படம் வரவில்லை.

பெரம்பலூரில் பஸ் மாறினேன். அரியலூருக்குப் பாதி தூரம் வந்தபோது போன் அடித்தது. அவள் பெயர். கை பக்கவாட்டில் தள்ளிவிட்டது. மறுபடி அடித்தது, மறுபடி ஏதோ தப்பாகத் தொட்டுத் துண்டித்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் எட்டிப் பார்த்து, "மேல இழுங்க, மேல" என்றார். மூன்றாவது முறை அவர் விரல்தான் இழுத்தது.

"என்னம்மா, இத்தனை மிஸ்டு கால்?"

"எங்க இருக்க?" என்றேன்.

"ஹாஸ்டல்லதான். துணி துவைச்சிட்டு இருந்தேன், பாக்கல."

அவளுக்குப் பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்துப் போனது.

"நான் அரியலூர் பஸ்லதான் வர்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா."

"ஏம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வா."

ஒரு தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இரண்டு பேருக்கும் முழங்கால்வரை வெள்ளைத் தூசு. தோழி, "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நழுவினாள்.

"துணி துவைச்சு முடிச்சிட்டியா?" என்றேன்.

தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "யாரும்மா சொன்னா? வார்டனா?"

போனை நீட்டினேன். வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே, பழைய போன்லேர்ந்து உன் மெயில நான் எடுக்கவே இல்லம்மா. ரெண்டுலயும் ஒரே மெயில் ஓடுது. நான் அதுல எடுக்கறதெல்லாம் உனக்கு வருது."

"அப்ப நான் எடுக்கறது?"

தன்னிடமிருந்த போனில் தேடிப் பார்த்தாள். "வந்திருக்கு. நான் இங்க தொறந்தே பாக்கல. சீலிங் ஃபேன், சீலிங் ஃபேன், உன் காது, மறுபடி சீலிங் ஃபேன். இது என்னம்மா, மூக்கா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தண்ணிகிட்ட எதுக்குடி எறங்குன?"

"எறங்கலம்மா. மேல நின்னுகிட்டே ஜூம் பண்ணி எடுத்தது."

குனிந்து அவள் பேண்ட்டின் கால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் ஈரமாக இருந்தது.

"வண்டியில வாட்டர் பாட்டில் கொட்டிடுச்சும்மா. அவளக் கேளு."

கேட்கவில்லை. கேட்டால் தோழி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஜூம் பண்ணினால் தண்ணீர் அவ்வளவு கிட்டே வருமா, பாட்டில் கொட்டினால் பேண்ட்டின் அடி மட்டும் நனையுமா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தாள். செம்மறிக்கடாவின் கொம்பு போல உள்ளுக்குள் சுருண்ட ஒரு வடிவம் அதில் பதிந்திருந்தது.

"கடல்ல இருந்த உசுரும்மா இது. இங்கெல்லாம் கடலு இருந்துச்சு."

"பி.காம்ல இது வருதா?"

"வராது."

"பின்ன?"

"புடிச்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். மெயிலை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று திரையில் விரலை வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். இருக்கட்டும்."

"அப்ப நான் போறத நீ பாத்துகிட்டே இருப்பியா?"

"போகாதே."

"போவேம்மா." குரலை உயர்த்தவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் என்ன செய்ய முடியும்? அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். விளிம்புக்குப் போக மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனாள், அதையும் வேண்டாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. போகவில்லை போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு அந்த நிம்மதியே பயமாகிவிட்டது. அழைத்தேன். உடனே எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"வந்திருக்கேம்மா. கல்லுகிட்ட."

"படம் வரலையே?"

"எடுக்கல. எடுத்தா நீ பஸ் ஏறிடுவ."

"ஏற மாட்டேன். எடு."

"நெசமாவா?"

"எடுன்னு சொல்றேன்ல."

சிறிது நேரத்தில் ஒன்று வந்தது. உள்ளங்கையில் ஒரு கல், அதைத் தவிர எதுவுமே இல்லை. எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. மறுபடி அழைத்து, "நீ நிக்கிற எடத்தைக் காட்டு" என்றேன். இன்னொன்று அனுப்பினாள். நீளமான வெள்ளைத் தரை, வெகு தள்ளி ஒரு கோடு போல விளிம்பு. அந்தக் கோடு நிஜமாகவே தூரத்தில் இருக்கிறதா, இந்தப் போன்தான் தூரமாகக் காட்டுகிறதா என்று பிடிபடவில்லை. பள்ளியில் யாரோ ரசீது கேட்டு நின்றார்கள். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.