பன்னிரண்டு ‘இல்லை’

நீதிமன்றத்துக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் இடைப்பட்ட சந்தில், ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்டூல், கூரை வரை காகிதக் கட்டுகள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கடையை நடத்தி வந்தவளை வக்கீல் குமாஸ்தா முதல் டீ கொண்டு வருகிறவர் வரை எல்லோரும் ‘ஜெராக்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊராரின் பாகப்பிரிவினை, விவாகரத்து, பிறப்பு, இறப்பு எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். எதையும் படிக்க மாட்டாள். “படிக்க ஆரம்பிச்சா பாதிப் பேரைப் பார்த்துச் சிரிக்க முடியாது” என்பாள். ஆனால் ஒரு பக்கம் இடம் மாறாது, ஓர் எழுத்து மங்காது. அவள் பின் அடித்துக் கொடுத்த கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தாக்கல் செய்யலாம் என்று வக்கீல்களே சொல்வார்கள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘ஸ்பேனர்’. மனிதருக்கு வாய் நீளம், மனசில் ஒன்றும் தங்காது. ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். டீக்கடையில், “எனக்குச் சர்க்கரை வேண்டாம்பா, கையிருப்பு நிறைய இருக்கு” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. மற்றபடி பதினாலு மாடியானாலும் படியிலேயே ஏறி இறங்குகிற உடம்பு.

அவளுக்கு எட்டு வயது இளைய தம்பி ஒருவன். அம்மா மில்லுக்குப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் இவள்தான். செல்போன் கடை வைத்தான், கூரியரில் ஓடினான், எதிலும் கால் ஊன்றவில்லை. கடைசியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனான். முதல் வருஷத்திலேயே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பாலிசிதாரர்கள் ஆகிவிட்டார்கள். மீதி இருந்தது அக்கா வீடு.

ஒரு மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தான். கூடத்து மேஜையில் படிவத்தை விரித்து, கையெழுத்து போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டான். மகள் அப்போது பிளஸ் டூ. அந்த மேஜையின் மறுகோடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாப்ள, எனக்குச் சுகர் இருக்கு. அதை எழுதிக்கோ” என்றார் ஸ்பேனர்.

“அதெல்லாம் எழுதினா டெஸ்ட் எடு, ரிப்போர்ட் கொடுன்னு இழுத்தடிப்பாங்க மாமா. பிரீமியமும் ஏறும். ஊர்ல யாருக்குத்தான் சுகர் இல்ல? நாளையோட மாசம் முடியுது. எனக்கு ஒரு பாலிசி குறையுது.”

“பின்னாடி ஏதும் வில்லங்கம் வராதே?”

“நான் இல்லையா மாமா?”

அவர் பென்சில் குறிகளைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மச்சினன் மேல் அவ்வளவு நம்பிக்கை. அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்த அவளுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. தம்பிக்கு ஒரு பாலிசி குறைந்தது, அது நிறைந்தது. அவ்வளவுதான்.

பாலிசி எடுத்த பதினாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் அவர் சரிந்து கிடந்ததை வாட்ச்மேன் பார்த்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அழுதவர்களில் தம்பிதான் அதிகம் அழுதான். தூக்கியவர்களில் முதல் ஆள் அவன்தான். மூன்றாவது வாரம் அவனே கிளைம் படிவம் கொண்டு வந்தான். “நீ ஒண்ணும் கவலைப்படாதே அக்கா. பாப்பா நர்சிங் படிக்கட்டும். மாமா அதுக்குத்தானே போட்டார்” என்றான்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து விசாரணைக்காரர் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாரோட பழைய மருத்துவச் சீட்டு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் ஃபைல் சீக்கிரம் நகரும் என்றார். அவளிடமா இல்லாமல் போகும்? ஆறு வருஷத்துச் சீட்டையும் மருந்துக்கடை ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி, நகல் எடுத்து, பின் அடித்து மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாள். “இவ்வளவு சுத்தமா யாரும் கொடுத்ததில்லைம்மா” என்றார் அவர்.

நாற்பது நாளில் கடிதம் வந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நீரிழிவு நோயை மறைத்த காரணத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஆதாரமாக இணைக்கப்பட்டிருந்தவை அவள் எடுத்துக் கொடுத்த நகல்கள். ஓரத்தில் அவள் மெஷின் விடுகிற மெல்லிய சாம்பல் கோடு எல்லாத் தாளிலும் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போல ஆயிற்று.

மூலப் படிவத்தின் நகலைக் கேட்டு எழுதிப் போட்டாள். அது வந்த அன்றுதான், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு காகிதத்தை எழுத்தெண்ணிப் படித்தாள். உடல்நலம் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டுக்கும் ‘இல்லை’. வாலை இடப்பக்கம் இழுத்துச் சுழிக்கிற அந்த ‘லை’ யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிலேட்டில் அவன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான்.

தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மாவும் அங்கேதான் இருந்தாள்.

“நடந்ததை அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கொடுடா. மாமா சொன்னார், நான்தான் எழுத வேண்டாம்னேன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். “எழுதினா என் லைசென்ஸ் போயிடும் அக்கா. ரெண்டு புள்ளைங்க. வீட்டு லோன் வேற ஓடுது.”

“எனக்கு ஒரு புள்ளை. அதுக்கு அப்பன் இல்ல.”

அம்மா குறுக்கே வந்தாள். “போனவர் போயிட்டார்டி. இருக்கிறவன் வயித்துல அடிச்சா அவர் திரும்பி வந்துடுவாரா?”

“யார் வயித்துல யாரும்மா அடிச்சது?” என்று கேட்டுவிட்டு எழுந்தாள். பதிலுக்கு நிற்கவில்லை.

இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதும்போது கூட அவளுக்குக் கை வரவில்லை. ‘ஏஜென்ட்’ என்று எழுதினாளே தவிர, ‘என் தம்பி’ என்று எழுதவில்லை. அவனைக் காட்டிக் கொடுக்காமலே ஜெயித்துவிட முடியாதா என்று ஒரு நப்பாசை. மகள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, “மாமா பேரு எங்கம்மா?” என்றாள். “கேட்டா சொல்லிக்கலாம்” என்று மழுப்பினாள்.

விசாரணை நடந்தது நாலாவது மாடியில், ஒரு சின்ன அறையில். நீண்ட மேஜை, ஓட்டை ஏர்கூலர். அதிகாரி நரைத்த தலை, களைத்த முகம், ஆனால் மரியாதை தெரிந்தவர். எதிரே கம்பெனி வக்கீல். அவர் பலமுறை அவள் கடைக்கு வந்தவர்தான். அன்றைக்குப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஃபைலைப் புரட்டினார்.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். புருஷன் மறைக்கிற ஆள் இல்லை, ஏஜென்ட்தான் எழுத வேண்டாம் என்றார், வெற்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

“ஏஜென்ட்டோட வாக்குமூலம் எங்ககிட்ட இருக்கு சார்” என்று வக்கீல் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். “அம்மாவும் பார்க்கலாம்.”

‘ஒவ்வொரு கேள்வியையும் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்ன பதிலையே நிரப்பினேன். தனக்கு எந்த நோயும் இல்லை என்று அவர் உறுதியாகக் கூறினார்.’ கீழே அதே கை. அதே வால் சுழித்த ‘லை’. தேதியைப் பார்த்தாள். அவள் போய்க் கேட்டதற்கு மறுநாள்.

இவன் பெயர் வெளியே வரக் கூடாது என்று வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பார்த்து எழுதினோமே என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை எழுதினவன் என் கூடப்பிறந்தவன் சார்” என்றாள். “என் வீட்டு மேஜையில, என் கண்ணு முன்னாடி, என் புருஷன் சுகர் இருக்குன்னு சொன்னார். இவன் எழுதல. என் பொண்ணும் அங்கதான் இருந்தா.”

அதிகாரி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“வெளியாள் யாராவது இருந்தாங்களாம்மா?”

“வீட்டுக்குள்ள வெளியாள் எப்படி சார் இருப்பாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொல்றது உண்மையாகவே இருக்கலாம். ஆனா படிவத்துக்கு அடியில இருக்கிற கையெழுத்து உங்க வீட்டுக்காரரோடது. படிச்சுப் பார்த்துப் போட்டேன்னு அதுக்கு மேலேயே அச்சடிச்சிருக்கு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?”

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. கட்டிய தவணைகளை மட்டும் கம்பெனி திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் மீது விசாரணை நடத்துமாறு ஒரு பரிந்துரையும் இருந்தது. அந்த விசாரணை நடந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீல் சொன்ன கட்டணத்தைக் கேட்டுவிட்டு, உத்தரவை மடித்து உள்ளே வைத்தாள்.

மகளுக்கு நர்சிங் கிடையாது என்று ஆயிற்று. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரி வாங்கிப் பதிவு செய்கிற வேலையில் சேர்ந்தாள். “படிப்பு எங்கயும் ஓடிப் போயிடாதும்மா” என்றாள். ஓடிப் போகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் தம்பி கடைக்கு வந்தான். கூட்டம் இல்லை. இளைத்திருந்தான். பழைய பெல்ட்டில் புதுசாக ஒரு துளை போட்டிருந்தான்.

“அந்த வாக்குமூலத்தை மேனேஜர் டைப் பண்ணி வெச்சிருந்தார் அக்கா. பார்த்து அப்படியே கைப்பட எழுதுன்னார். இல்லைன்னா என் மேலயே கேஸ் போடுவோம்னார்.”

அவள் மெஷினுக்குள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாமா சுகர் இருக்குன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?”

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. “விழுந்துச்சு” என்றான்.

அவள் தட்டை உள்ளே தள்ளி மூடினாள். “சரி. போ.”

“அக்கா…”

“மழை விடட்டும், நின்னுட்டுப் போ. உள்ள வராதே.”

அவன் படிக்கு வெளியே, தகரத்துக்குக் கீழே, தோள் நனைய நின்றான். நனைந்த சட்டைக்குள் ஒரு ஃபைலை அணைத்தபடி ஒரு குமாஸ்தா ஓடி வந்து அவனைத் தாண்டி உள்ளே நுழைந்தார். “அக்கா, அவசரம். மூணு செட்.” அவள் ஃபைலை வாங்கித் துணியால் ஒற்றி, முதல் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்தாள். மூன்று செட்டும் முடிந்து நிமிர்ந்தபோது தம்பி போயிருந்தான். மழை விட்டிருக்கவில்லை.