சொறிக்கல்முனை வாய்க்காலில் ஏழு சுற்று

மாலை நான்கு பத்துக்கு மட்டக்களப்பில் புறப்பட்ட பஸ், நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தை ஒன்றரை மணி நேரமாக இழுத்துக்கொண்டு போனது. கட்டணம் நூற்றெண்பது ரூபாய். இடப்பக்கத்துக் கடல் வீடுகளுக்கும் மதில்களுக்கும் இடையில் ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது. வலப்பக்கத்து வயலுக்கு ஒளிய ஒன்றுமில்லை. மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அதைத் தடவித் தடவி மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது.

மருதமுனையில் இறங்க வேண்டும் என்றேன். கண்டக்டர் என் பையைப் பார்த்தார்.

"சாரி எடுக்கவா அக்கா? நல்ல தறிக்கார வீடு காட்டித் தாறன்."

"இல்லை. ஓடுகிற பிள்ளையைப் பார்க்கப் போகிறேன். ரிஃபானா."

அவர் முகம் மலர்ந்தது. "அவளா! போன மாசம் பாண்டிருப்புல இருந்து இந்த பஸ்ஸோட ஓடிப் பாத்தவள். நாலு தரிப்பிடத்துல ஆளை ஏத்தி இறக்கி நாங்கதான் தோத்த."

மலைநாட்டு ஹற்றனிலிருந்து இரண்டு நாள் பயணமாக நான் வந்தது அந்தப் பிள்ளைக்காகவும் அவளுடைய தோழிக்காகவும்தான். ரிஃபானாவுக்கு இருபத்து நான்கு வயது. சொறிக்கல்முனைக் கஸ்தூரிக்கு இருபத்தைந்து. மூவாயிரம் மீற்றர் ஸ்டீபிள்சேஸில் நாட்டின் முன்வரிசைப் பெண்களில் இருவர். ஏழரைச் சுற்று மைதானம், அதில் முப்பது அங்குல உயரத்தில் அசையாத மரத்தடைகள், ஒவ்வொரு முழுச் சுற்றிலும் ஒரு தடைக்கு அப்பால் பன்னிரண்டு அடி நீளத்தில் தண்ணீர்க் குழி. ஏழு தரம் அந்தத் தண்ணீரைக் கடக்க வேண்டும். எட்டு நாளில் கொழும்பில் தேர்வு. தேசிய அணியில் இருப்பது ஓரிடம்.

காலை 5.05

இரவு ரிஃபானாவின் வீட்டில்தான் தங்கினேன். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவள் சப்பாத்தைக் கட்டினாள். தலையை இறுக்கிய கறுப்புத் துணி, கணுக்கால்வரை ஓட்ட உடுப்பு. உம்மா ஒரு வாழைப்பழத்தை அவள் கைக்குள் திணித்தார். எனக்கு இரண்டு. நானும் ஓடப் போவதாக நினைத்துவிட்டார் போலும்.

மச்சான் முறையான நவாஸ் ஓட்டோவோடு நின்றான். கல்முனை போய், மேற்கே திரும்பி, கிட்டங்கித் தாம்போதி என்ற தரைப்பாலத்தைத் தாண்டிச் சொறிக்கல்முனைக்குப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினோம். உட்கார்ந்ததும் எனக்குக் கீழே ஏதோ நறநறத்தது.

"கடல் மணல் அக்கா," என்றான் நவாஸ். "மூணு நாளா உரப்பையில கட்டி வாய்க்காலுக்கு ஏத்தின. கழுவிப் பாத்த, போகுதில்ல. ஏறுற ஆக்களெல்லாம் மீன் ஓட்டோ எண்டு நினைக்கிற."

"உனக்குக் காசு தந்ததானே?" என்றாள் ரிஃபானா.

"மணலுக்குத் தந்த. மானத்துக்குத் தரல்லையே."

தாம்போதியில் இருபுறமும் நீர் கிடந்தது. விடிவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த அந்த வேளையில் மணலின் கதையை அவள் சொன்னாள்.

இந்தக் கரையில் தண்ணீர்க் குழியோடு மைதானம் எதுவும் கிடையாது. ஆகவே இருவரும் நான்கு வருடமாக வயல் வாய்க்காலில் பழகினார்கள். வாய்க்காலின் அடி களிச்சேறு. காலை வைத்தால் சப்பாத்தை வாங்கிக்கொண்டுதான் விடும். அதனால் ரிஃபானா ஈரம் படாமல் அக்கரைக்கே பாயக் கற்றுக்கொண்டாள். போன தேர்விலும் அப்படியே பாய்ந்தாள். ஆறு தரமும் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அந்த ஆறு பாய்ச்சலும் அவளுடைய தொடையை அரித்துத் தின்றுவிட்டன. ஏழாவதில் மார்பு தடையில் அடித்து விழுந்தாள். மற்றவர்கள் தடைமேல் ஒரு காலை ஊன்றி, குழியின் ஆழம் குறைந்த பக்கத்தில் மறுகாலை நனைத்து, சிரமமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அங்க அடியில ரப்பர் எண்டு எனக்குத் தெரியும் அக்கா. மண்டைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. தண்ணியக் கண்டா கால் சேறு எண்டுதான் நினைக்கிற."

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கொழும்பிலிருக்கும் பயிற்சியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டீபிள்சேஸா, தடையில்லாத ஆயிரத்து ஐந்நூறு மீற்றரா? அதற்குமேல் பெயர் மாற்ற முடியாது.

"இண்டைக்குக் கால் இறங்கல்லெண்டா நான் மாறிருவன்," என்றாள்.

6.10

வாய்க்கால் வரம்பில் கஸ்தூரி காத்திருந்தாள். மெலிந்த, நெடிய, கறுத்த பெண். வணக்கத்துக்குப் பதிலாக என்னிடம் ஒரு மண்வெட்டியைத் தந்தாள். வரம்போரத்தில் கல்முனைக்குடியில் வள்ளம் கட்டும் ஒருவர் செய்துகொடுத்த தடை நின்றது. கடலுக்குச் செய்து பழகிய கை. யானை சாய்ந்தாலும் அசையாது. தடைக்கு அப்பால் முழங்காலளவு தெளிந்த நீர். நீருக்குள் வெள்ளை உரப்பைகள் அக்கரையை நோக்கிப் படிப்படியாக உயர்ந்து கிடந்தன. குழிக்குள் இருக்க வேண்டிய சரிவை இரண்டு பெண்கள் மருதமுனைக் கடற்கரையை அள்ளிவந்து கட்டியிருந்தார்கள்.

யோசனை கஸ்தூரியுடையது. கைப்பேசியில் எடுத்த படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்து அவள்தான் நோயைக் கண்டுபிடித்தவள்.

இருப்பது ஓரிடமாயிற்றே என்று கேட்டேன். கேட்டபின் வெட்கமாக இருந்தது.

"தனிய ஓடினா நான் பெரிய சோம்பேறி அக்கா," என்றாள். "பின்னால இவள்ட மூச்சுக் கேக்கோணும். அப்பதான் பயத்துல கால் எழும்பும்."

"பின்னாலயா? கனவு காணுறாள்," என்றாள் ரிஃபானா, சப்பாத்தைக் குனிந்து இறுக்கியபடி.

அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வட்டைவிதானையார் வந்தார். இந்த வயல் வெளிக்குத் தண்ணீர் முறை வைப்பவர் அவர். விவசாயிகள் கூடித் தெரிவு செய்த மனிதர். வாய்க்காலை எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது? சிறுபோகத்துக் கடைசித் தண்ணி. கடைவயல்காரன் வாயத் திறந்து பாத்துக்கொண்டிருக்கான், நீங்க குறுக்க அணை கட்டிருக்கியள்."

"மாமா, ஏழு மணிக்குத்தானே திறக்கிற? அதுக்குள்ள எடுத்திருவம்," என்றாள் கஸ்தூரி.

"ஏழெண்டா ஏழு. அதுக்கு மறுகா என்னோட கதைக்கப்படாது."

நாளை இந்த வாய்க்கால் காய்ந்துவிடும். அடுத்த தண்ணீர் மாரிகாலப் பெரும்போகத்துக்குத்தான்.

6.40

வயலைச் சுற்றி ஒரு வட்டம் நானூறு மீற்றர் வரும். வரம்பு, வண்டிப் பாதை, மறுபடி வரம்பு, கடைசியில் தடையும் தண்ணீரும். கஸ்தூரி முன்னால், ரிஃபானா இரண்டு ஆள் நீளம் பின்னால்.

நான் ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவள். அங்கே சத்தம் இல்லை என்பது இங்கேதான் தெரிந்தது. இரண்டு உடல்கள் நெருங்கும்போது நிலம் முதலில் சொன்னது, என் உள்ளங்கால் வழியாக. பிறகு மூச்சு. பிறகு மரத்தில் ஆணிச் சப்பாத்து கொத்தும் ஓசை, ஒரு கணம் ஓசையற்ற வெளி. அந்த வெளியில் ஒரு பெண் தொங்கினாள், பறவைக்கும் கல்லுக்கும் இடையில் எதுவென்று இன்னும் முடிவுசெய்யாதவளாக.

கஸ்தூரியின் கால் நீரை ஒற்றியெடுத்துக்கொண்டு போனது. ரிஃபானா ஒரு சொட்டும் படாமல் அக்கரையில் விழுந்தாள். அப்படியொரு அழகு. அந்த அழகுதான் அவளுடைய வியாதி.

இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதிலும்.

"மாடு ஓடை தாண்டுற மாதிரிப் பாயாத கா!" ஓடியபடியே கஸ்தூரி கத்தினாள். "நனைஞ்சா கரையமாட்டாய்!"

நான்காவது சுற்றில் கால் இறங்கியது. தடுமாறி, கை ஊன்றி, எழுந்தாள். ஐந்தாவதில் தடுமாறவில்லை. ஆறாவதில் வெள்ளைப் பையின்மேல் ஒரு தட்டு, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு கணம் கண்ணாடியாக உடைந்து அவளுக்கு வழிவிட்டது. நவாஸ் என் தோளில் அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் அவள் குனிந்து பையைப் பார்த்துத்தான் காலை வைத்தாள். நான் கண்டேன். கொழும்பில் பத்துப் பேர் கலக்கிய குழியில் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஏழாவது சுற்றுக்கு அவர்கள் வளைந்து போனபோது வாய்க்காலின் மேற்புறத்தில் ஒரு சலசலப்பு. மதகடியில் யாரோ அவசரக்காரர் நேரத்துக்கு முன்பே பலகையைத் தூக்கிவிட்டார். செம்மண் நிறத்தில், சருகும் நுரையுமாய் நீர் வந்தது. முதல் பை மறைந்தது. இரண்டாவது மறைந்தது. அரை நிமிடத்தில் அடியென்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லை. ஒரு சாண் உயர்ந்தும்விட்டது.

"ஆர்ரா அவன்!" விதானையார் சைக்கிளை வரம்பில் போட்டார். "இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கு! மூடடா, மூடு!" வயதான அந்த மனிதர் மதகை நோக்கி ஓடத் தொடங்கினார். பலனில்லை. இரண்டு பெண்கள் ஏற்கெனவே கடைசி வரம்பில் திரும்பிவிட்டிருந்தார்கள்.

கத்தி நிறுத்தலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் தடைக்கு வந்துவிட்டார்கள்.

கஸ்தூரி கலங்கலைக் கண்டாள். ஒரு நொடிகூட வேகத்தைக் குறைக்கவில்லை. மரத்தில் கால், வெளி, தண்ணீர், போய்விட்டாள். "இரிக்கு! அடி இரிக்கு!" என்ற குரல் மட்டும் பின்னால் விழுந்தது.

ரிஃபானா வந்தாள். அவள் கண்கள் நீரில் இல்லை. எதிர்க் கரையிலும் இல்லை. தொலைவில், நெற்கதிர்களுக்கு மேலே எங்கோ நின்றன. "பிஸ்மில்லாஹ்" என்று உதடு அசைந்ததை நவாஸ் கண்டதாகச் சொல்கிறான். நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தை மிதித்த கால் பின்னால் நீண்டது. மறுகால் இறங்கியது, அந்தச் செந்நீருக்குள், முழங்கால்வரை, ஒன்றும் தெரியாத அதற்குள். ஒரு கண இருட்டு எனக்கு. அடுத்து அவள் அக்கரையில் இருந்தாள், ஓடிக்கொண்டிருந்தாள்.

நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. போட்டியில் கடைசித் தண்ணீருக்குப் பிறகு இன்னும் ஒரு மரத்தடை உண்டு. இங்கே அந்த இடத்தில் வண்டிப் பாதையும் இரண்டு கொக்குகளும்தான். கஸ்தூரி அங்கே போய் எழும்பினாள், வெறும் காற்றுக்கு மேலாக. முப்பது அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறையாமல் ரிஃபானாவும் எழும்பினாள். கொக்குகள் கலைந்தன. மண்வெட்டியோடு நின்ற கடைவயல்காரர்கள், ஒன்றுமில்லாததை இரண்டு பெண்கள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

7.15

எல்லோரும் இறங்கிப் பைகளை இழுத்துப் போட்டோம், விதானையார் உட்பட. ரிஃபானா வரம்பில் குந்தி, முழங்காலுக்குள் தலையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கோச்சுக்கு என்ன சொல்ற?" என்றாள் கஸ்தூரி, கைப்பேசியை எடுத்து.

"கதைக்க ஏலா. நீயே சொல்லு."

கஸ்தூரி வாயருகே பிடித்துக் குரலைப் பதிந்தாள். "சேர், பேரை மாத்த வேணாம். ரெண்டு பேரும் தண்ணிக்குத்தான் வாறம்." அனுப்பிவிட்டு ரிஃபானாவின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். "இனி நீ விழுந்தா நான் பின்னால கிறுகிப் பாக்கமாட்டன், சரியா?"

"நீ முன்னால போனாத்தானே கிறுகிப் பாக்க."

10.30

கல்முனையில் அம்பாறை பஸ் எடுத்தேன். வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, கோடு போட்டதுபோல் தட்டையாக. எங்கள் மலையில் ஓடும் பிள்ளைக்கு ஏற்றத்தை மண்ணே கொடுத்துவிடுகிறது. வீட்டுப் படியிறங்கிக் கடைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும். இந்த ஊரில் பூமி யாருக்கும் எதையும் உயர்த்தி வைக்கவில்லை. தாங்கள் தாண்ட வேண்டிய உயரத்தை இவர்களே கட்டுகிறார்கள். மரம் கிடைத்தால் மரத்தால், கிடைக்காத இடத்தில் மனதால். ஏறி, கண்ணால் காண முடியாத அடியை நம்பிக் காலை விடுகிறார்கள். எட்டு நாளில் கொழும்பில் அவர்களில் ஒருத்திக்குத்தான் இடம். பஸ் இருக்கையில் கால் நீட்டி அமர்ந்திருந்த எனக்கு, இருவரில் யாருக்காக வேண்டிக்கொள்வதென்று மலையேறும்வரை தெரியவில்லை.