ரஞ்சிதா போட்ட பட்டியல்

ரஞ்சிதா சங்கத்தில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. உறுப்பினர்கள் மேல் மரியாதை போய் நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் மட்டும் அவர்களைப் பெரிய தொழிலதிபர்கள் என்று நம்பியிருந்தாள்.

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலத்தில் கடலை போடும் வீட்டுப் பெண். பி.காம். படித்தவள். கிருஷ்ணகிரியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில், சரக்கு அனுப்புவோர் சங்கத்தின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள். நடைமுறையில் சங்கம் என்றால் அவள்தான். ஓசூர் தொழிற்சாலைக்கு வரவேண்டிய இயந்திர பாகம் துறைமுகத்தில் நின்றுபோனால், எந்தத் தாளில் எந்த எண் தப்பு என்று கண்டுபிடிப்பது அவள். ஏதாவது ஒரு வாரத்துக் கப்பல் ரத்தானால் எல்லாருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்வதும் அவள். சரக்கு மாட்டிக்கொண்டால் உறுப்பினர்கள் அழாத குறையாகப் போன் செய்வார்கள். வெளியே வந்ததும் தங்கள் செல்வாக்கில் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்கள்.

செங்கடல் வழியைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன வருஷம், மாம்பழக்கூழ் சீசனில் கன்டெய்னருக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு கன்டெய்னர் அனுப்புகிறவரைக் கப்பல் கம்பெனிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரஞ்சிதா உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேரின் தேவையை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு கம்பெனியோடு மூன்று வாரம் பேசினாள். சங்கத்தின் பெயரில் வாரம் முப்பது இடம் கிடைத்தது. யார் முதலில் பதிவு செய்கிறார்களோ அவர்களுக்கே முதல் இடம் என்று செயற்குழுவும் கைதட்டி ஒப்புக்கொண்டது.

முதல் வாரப் பட்டியலில் மூன்றாவது பெயர் வெள்ளையம்மா. காவேரிப்பட்டினத்தில் சின்னதாகக் கூழ் ஆலை நடத்துகிறவர், இரண்டு கன்டெய்னர். முப்பது இடமும் நிரம்பிவிட்டது; சங்கத் தலைவர் குருமூர்த்தி பதிவு செய்யவே மறந்துபோயிருந்தார். சங்கத்தின் நாட்காட்டியில் பன்னிரண்டு மாதத்துக்கும் தன் படத்தையே போடச் சொன்ன மனிதருக்கு ஒரு தேதி நினைவில் நிற்கவில்லை.

அவர் போன் செய்து, தன் கன்டெய்னர்களைப் பட்டியலில் மேலே ஏற்றிவிட்டு வெள்ளையம்மாவை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொன்னார். அந்த அம்மாவின் தாள்கள் சரியில்லை என்று காரணம் எழுதிவிடலாமாம்.

"அவங்க பேப்பரெல்லாம் கரெக்டா இருக்குது சார்."

"ஒரு வாரம் தள்ளிப் போனா என்னாம்மா ஆவப்போவுது? அந்தம்மாவுக்குக் கப்பல் எந்தப் பக்கம் போவுதுன்னாவது தெரியுமா?"

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்படி ரஞ்சிதா கேட்டுக்கொண்டாள். அவர் எழுதியே அனுப்பினார். அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவள் பழைய பட்டியலையே மாற்றாமல் கப்பல் கம்பெனிக்கு அனுப்பினாள். பிறகு தலைவரின் செய்தியை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிட்டாள்.

இருபத்து மூன்று பேரும் படித்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அசோக்குமார் என்ற புளி ஏற்றுமதிக்காரர் மட்டும் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று போட்டு, அரை நிமிடத்தில் அதையும் அழித்துவிட்டார். மறுநாள் காலை யாரோ பூப்படத்தோடு வணக்கம் சொல்ல, எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு பதில் வணக்கம் வைத்தார்கள். வெள்ளையம்மாவின் கன்டெய்னர்கள் அந்த வாரமே கப்பலேறின.

ஆகஸ்டில் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம். குருமூர்த்தி மறுபடியும் போட்டியின்றித் தலைவரானார். அலுவலக ஊழியர்கள் உறுப்பினர் குழுவில் எதுவும் பதியக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. அவளை வேலையைவிட்டு அனுப்பலாமா என்றும் பேச்செழுந்தது. கப்பல் கம்பெனியோடு பேச வேறு ஆள் இல்லை என்பதால் அது அடங்கிவிட்டது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களை எண்ணும் வேலையும் ரஞ்சிதாவுடையதே. எண்ணிக்கொண்டே வந்தவள் வெள்ளையம்மாவின் கையைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் அவரைக் கேட்டாள். "நீங்களுமா அக்கா?"

வெள்ளையம்மா கைப்பிடிச்சுவரைப் பார்த்தபடி சொன்னார். "கோவிச்சுக்காத கண்ணு. கூழ் ரொப்புற டிரம்மு அவருகிட்டதான் வாங்குறேன். அவரு இல்லைன்னுட்டா அடுத்த சீசனுக்கு நா எங்க போவேன்?"

அன்று ரஞ்சிதா ஊத்தங்கரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மற்ற எல்லார் மேலும் இருந்ததைவிட அந்த அம்மாள் மேல் அதிகமாகக் கோபப்பட்டாள். கை தூக்கியதற்கு ஒரு காரணமாவது சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது நினைவுக்கு வந்தபோதும் கோபம் குறையவில்லை.

வேலையை அவள் விடவில்லை. செயற்குழுவினர் உள்ளே வரும்போது எழுந்து நிற்பதைத்தான் விட்டாள். ஏன் என்று கேட்கும் தைரியம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அடுத்த சீசனில் பதிவு தொடங்கிய நாள், அவள் வந்து பூட்டைத் திறப்பதற்கு முன்பே குருமூர்த்தியின் ஆள் தாள்களோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். தலைவரின் பெயரை முதலில் எழுதினாள். முறைப்படி அதுதான் சரி. அந்த மாதம் ஓசூரில் புது உறுப்பினர்களுக்கு நடந்த வரவேற்புக் கூட்டத்தில் குருமூர்த்தி மைக் பிடித்தார். முந்தி வந்தவருக்கே முதல் இடம் என்ற ஒழுங்கைச் சங்கத்துக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்றார். எவ்வளவோ எதிர்ப்பைத் தாங்கிக் கொண்டுவந்தாராம்.

எல்லாரும் கைதட்டினார்கள். ரஞ்சிதா வாசலோர மேஜையில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.