சுகர் இருக்கு என்று எழுதிய ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். இன்று காலையில் அவர் மகள் போன் செய்தாள்... நேற்று சாயங்காலம், பண்ணைக்காட்டில், வீட்டிலேயே.

கொடைக்கானலில் பலருக்கு அவர் வெறும் "இன்சூரன்ஸ் அக்கா". பண்ணைக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஏரிப்பக்கத்துக் கடைகள், ஜீப் ஸ்டாண்ட் என்று மத்தியானம் வரை நடந்துகொண்டே இருப்பார்.

எங்கள் சாக்லேட் கடைக்கு முதலில் வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். என் கணவர் அப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் எல்கேஜி.

"பணம் திரும்பி வர்ற மாதிரி ஒரு பாலிசி சொல்லுங்கக்கா" என்று பேச்சை ஆரம்பித்தது என் கணவர்தான்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி. நாளைக்கு நீங்க இல்லைன்னா இவங்க ரெண்டு பேருக்கும் எம்புட்டு வேணும்?"

என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பணம் திரும்பி வர்ற பாலிசில, நீங்க கட்டுற காசுக்கு கவர், அதான் நீங்க இல்லைன்னா வீட்டுக்கு வர்ற தொகை, கம்மி. டெர்ம் பாலிசின்னா அதே காசுக்கு நிறைய கவர் கிடைக்கும். ஆனா டெர்ம் முடியுற வரைக்கும் நீங்க நல்லா இருந்தா ஒத்தப் பைசா திரும்பி வராது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

ஒரு வாரம் யோசித்துவிட்டு டெர்ம் எடுக்கச் சம்மதித்தார். பிரச்சினை ஃபார்ம் எழுதும்போது வந்தது.

"சுகர் கேள்விக்கு இல்லைன்னு போடுங்கக்கா. மாத்திரைல கன்ட்ரோலாத்தான் இருக்கு."

"மாத்திரை போடுறீங்கல்ல? அப்ப இருக்குன்னுதான் எழுதணும்."

அக்கா அப்படியே எழுதிவிட்டார். கம்பெனி பிரீமியத்தை ஏற்றி லெட்டர் அனுப்பியது.

அன்றைக்கு எங்கள் கடைக்கு எதிரே ஜீப் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் என் கணவர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். "இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்க!"

நான் கடைக்குள்ளேயே நின்றேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை...

ஆனால் வீட்டில் இரண்டு நாள் என் கணவரோடு பேசவில்லை. அதற்காகத்தான் அந்த பிரீமியத்தைக் கட்டினார். முணுமுணுத்துக்கொண்டே.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஹார்ட் அட்டாக்கில் என் கணவர் போய்விட்டார். முப்பத்தெட்டு வயசு.

வீடு நிறைய ஆட்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் க்ளெய்ம் ஃபார்மோடு வந்தார். "வெள்ளனே குடுத்துருவோம். பாலிசி எடுத்துக் கொஞ்ச நாள்தான ஆச்சு, விசாரிக்க ஆள் வருவாங்க. பயப்படாத."

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அந்த ஆள் முதலில் நாங்கள் போகும் கிளினிக்குக்குப் போய்விட்டுத்தான் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே சுகர் இருந்திருக்கேம்மா?"

பக்கத்தில் இருந்த அக்கா, பழைய ஃபார்மின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார்.

"நாலாவது பக்கம் பாருங்க சார். நாங்க எழுதித்தான் குடுத்திருக்கோம்."

நாங்க...

அவர் படித்தார். குறித்துக்கொண்டார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் முழுத் தொகையும் அக்கவுண்டில் வந்தது.

பணம் வந்த வாரமே வேறொரு ஏஜென்ட் வீடு தேடி வந்து, அந்தப் பணத்தை வைத்து வருஷா வருஷம் கட்டும் இன்னொரு பாலிசி எடுக்கச் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எத்தன வருஷம் கட்டணும்னு போட்டிருக்கு?"

"பத்துக்கா."

"நடுவுல கட்ட முடியலைன்னா என்ன ஆகும்னு கேட்டியா? கேக்காம கையெழுத்துப் போடாத. இப்ப சம்பாதிக்கிறது நீ ஒருத்திதான் விஜி. உன் பேர்ல ஒரு டெர்ம் எடு, மிச்சத்த எஃப்டில போடு. என்கிட்டதான் எடுக்கணும்னு இல்ல."

அவரிடமே எடுத்தேன்.

ஜீப் ஸ்டாண்டில் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒருமுறை கடையில் ஆரம்பித்தேன். "விடும்மா, சோலி கெடக்கு" என்று பையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அடக்கம். மகளை ஸ்கூலில் பர்மிஷன் கேட்டு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பெருமாள்மலை தாண்டவில்லை, ஒரே பனி... பஸ் ஊர்கிறது.

கொஞ்சம் இருங்கக்கா. வந்துக்கிட்டே இருக்கோம்.