ஆறு இருட்டும் ஒரு பார்சல் கிளார்க்கும்

ஜெக்கரியா சாருக்கு நான் ஒன்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஆறு இங்கிலீஷ் வார்த்தை, வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய். உரத்துக்கும் மாட்டுக்கும் கடன் வாங்கினவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு நூறு பேர் உண்டு. வார்த்தைக்குக் கடன்பட்டவன் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

என் பெயர் துரைராசு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்றைக்கு ஒரு வேலி நிலமும் ஓர் அரிசி மில்லும் என் பேரில் இருக்கின்றன; யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஆனால் இங்கே எழுதப்போவது என்னைப் பற்றி அல்ல. நீடாமங்கலம் ஜங்ஷனில் இருபத்திரண்டு வருஷம் பார்சல் கிளார்க்காக இருந்த ஜெக்கரியா சாரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். ஆகவே நான் எழுதுகிறேன்.

அவர் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். கேட்பாரில்லாத பார்சல்களை ரயில்வேயில் ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு ஏலத்தில் நாலு ரூபாய்க்கு ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி அவர் கைக்கு வந்தது. அதில் வார்த்தைக்கு அர்த்தம் மட்டுமல்ல, அது எந்த நாட்டில் பிறந்து எந்த வழியாக வந்தது என்பதும் இருந்தது. அன்றிலிருந்து மனிதருக்கு அதே வேலை. மலேயாக் கடிதம், தந்தி, கோர்ட்டுக் காகிதம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் சும்மா வாசித்துச் சொல்வார். வார்த்தையின் ஊரைத் தேடச் சொன்னால் மட்டும் காசு. கேட்டால், "வாசிக்கிறது தர்மம், தேடுறது வேலை" என்பார்.

நான் அவரிடம் போனது கழக ஆட்சி வந்து நாலைந்து வருஷம் ஆன சமயம். குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் பண்ணை நினைத்த நேரத்தில் நிலத்தைப் பிடுங்க முடியாது. நான் பதினேழு வருஷமாக ஆறு மா நிலம் உழுதுகொண்டிருந்தேன். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. கையில் இருந்தது குத்தகை நெல் அளந்ததற்கு வாங்கிய, மழையில் நனைந்த இரண்டு துண்டுச் சீட்டு. அவற்றையும் சேர்த்து ஊரில் முதல் ஆளாக மனுப் போட்டேன். பதினைந்தாம் நாள், பண்ணைக் காரியஸ்தர் வைத்தியலிங்கம் பண்ணை வக்கீலின் பதிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ்.

"படிச்சுப் பாரு துரைராசு. மூணாங்கிளாஸ்ல இதெல்லாம் உண்டுல்ல?" என்றார்.

"உண்டுங்க. நீங்கதான் ரெண்டாங்கிளாஸோட நின்னுட்டீங்க" என்றேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. மன்னார்குடியில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டினேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெளிவா இல்லைன்னு எழுதியிருக்கான். ஆறு வார்த்தை போட்டிருக்கான், எல்லாம் அதே அர்த்தந்தான்" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பண்ணையை எனக்குத் தெரியும். ஒரே வேலைக்கு ஆறு ஆள் வைக்கிற பண்ணை அல்ல அது. ஆறு வார்த்தை போட்டிருந்தால் ஆறு இடத்தில் அடிக்கப்போகிறார்கள். படித்த குமாஸ்தாவுக்குத் தட்டாதது எனக்குத் தட்டியது.

நேரே ஜங்ஷனுக்குப் போனேன். பகல் வண்டி போய்விட்டிருந்தது. பார்சல் ஆபீசில் வாழைத்தாரும் மீன் கூடையுமாகக் கிடந்தன.

"அந்தக் கூடை மேல உக்காராதீங்க, நாகப்பட்டினத்துச் சரக்கு. வேட்டி நாறும்" என்றார் ஜெக்கரியா சார். காகிதத்தை வாங்கிப் படித்தார். பென்சிலை எடுத்து ஆறு இடத்தில் கோடு போட்டார். "துரைராசு, இவன் உங்க மேல ஆறு விதமா இருட்டைப் போத்தியிருக்கான்."

"ஒவ்வொண்ணும் எந்த ஊரு இருட்டுன்னு சொல்லுங்க சார்."

அகராதியைப் புரட்டினார். "முதல்ல உங்க குத்தகை. அப்ஸ்க்யூர்னு போட்டிருக்கான். இது லத்தீன்ல புக் ஆகி, பிரெஞ்சுல வண்டி மாறி, இங்கிலீஷ்ல இறங்கின சரக்கு. மேல மூடினதுன்னு அர்த்தம். மூடினதால இருட்டு."

"இல்லைன்னு சொல்லலியே?"

"சொல்லல. மூடிக் கெடக்குன்னுதான் சொல்றான். அடுத்தது உங்க அனுபோகம், நெலத்தை நீங்க உழுது வர்றது. அதுக்கு வேக். இதுவும் லத்தீன். அலையிறது, ஒரு எடத்துல தங்காதது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினேழு வருஷமா ஒரே வரப்புல நிக்கிறேன், நானா அலையிறேன்?"

"என்னை ஏன் முறைக்கிறீங்க, நானா எழுதினேன்? நெலத்தோட அளவு, ஆம்பிகுவஸ். ரெண்டு பக்கமும் ஓட்டுறதுன்னு போட்டிருக்கு."

"மாட்டையா?"

"மாடுன்னே வச்சுக்குங்க. ஒரே மாட்டை ரெண்டு பேர் ரெண்டு பக்கம் ஓட்டினா எங்க போகும்?"

அது என் தவறுதான். மனுவில் ஓரிடத்தில் ஆறு மா என்றும், இன்னோரிடத்தில் இரண்டு ஏக்கர் என்றும் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, காகிதத்தில் வேறு.

எல்லைகளுக்கு நெபுலஸ் என்று போட்டிருந்தது. மேகம், மூடுபனி என்ற லத்தீனிலிருந்து வந்ததாம். "மார்கழி விடியல்ல வரப்பு தெரியாதுல்ல, அதான்" என்றார். சாட்சிகளுக்கு மர்க்கி. "இது லத்தீன் இல்ல. வடக்குக் குளிர்க்கடல் பக்கத்து ஆளுங்க பாஷைக்குச் சொந்தம். அவங்க ஊர்ல பாதி வருஷம் வெளிச்சமே கிடையாதாம். கலப்படமில்லாத இருட்டு."

ஆறாவது என் துண்டுச் சீட்டுகளைப் பற்றியது. ப்ளர். இதற்கு வெகுநேரம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது தெரியலீங்க. மை கலைஞ்சு மங்கிப் போனதுன்னு அர்த்தம் இருக்கு. ஆனா எந்த ஊருலேர்ந்து வந்துச்சுன்னு புஸ்தகம் போட்டவனுக்கே நிச்சயம் இல்ல. லேபிள் கிழிஞ்ச பார்சல்."

"நீங்களா ஏதாவது ஊகமாச் சொல்லுங்களேன்."

"ஊகமா லேபிள் ஒட்டினா சரக்கு வேற ஊருக்குப் போயிரும்" என்று அகராதியை மூடினார்.

கையில் காசில்லை, அறுப்புக்குத் தருகிறேன் என்றேன். அகராதியின் பின்னட்டையில் என் பெயரையும் ஒன்பது ரூபாயையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போதே எனக்குப் பாதி வழக்கு தெளிந்துவிட்டது. அளவை ஒரு ஏக்கர் தொண்ணூற்றெட்டு செண்ட் என்று கணக்குப்படி திருத்தி எழுதிக் கொடுத்தேன். உளறுகிற இரண்டு சாட்சிகளை விலக்கிவிட்டேன். நனைந்த சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மீதி இருந்தது எல்லையும் அனுபோகமும். மனுவில் மேற்கு எல்லைக்கு "ரெட்டைப் பனை" என்று சொல்லியிருந்தேன். அந்தப் பனைகள் ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் விழுந்தவை. இருந்தாலும் ஊரே இன்றுவரை அந்த இடத்தை ரெட்டைப் பனை என்றுதான் சொல்லும். விழுந்த மரத்தை எல்லையாகச் சொல்ல எங்கள் ஊர்க்காரனால்தான் முடியும்.

"மூடினதுன்னுதானே எழுதியிருக்கான், அப்ப தோண்டுங்க" என்றாள் என் மனைவி வள்ளியம்மை. அவள் சொல்வதற்கு முன்பே நான் அதைத்தான் நினைத்திருந்தேன்.

பதிவு அதிகாரியை நிலத்துக்கே வரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆவணியில் ஒரு காலை வந்தார். வைத்தியலிங்கமும் கூட வந்தார். மேற்கே ஒட்டின நிலத்துக்காரன் காயாரோகணம் வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் குந்தினான்.

"எங்கய்யா பனை? ஆகாசத்துல இருக்கா?" என்றார் வைத்தியலிங்கம்.

மண்வெட்டியை எடுத்து வரப்போரமாக வெட்டினேன். முழங்கால் ஆழம் போயும் ஒன்றுமில்லை. பனை இருக்கிற இடம் எனக்குத் தெரியாமலில்லை. வரப்படியில் வேராவது அகப்பட்டால் போதும் என்று பார்த்தேன். ஏனென்றால் வருஷா வருஷம் நடவுக்கு முன் என் பக்கத்து வரப்பைச் செதுக்குவேன். செதுக்கிய மண்ணை அந்தப் பக்கம் அப்புவேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு விரற்கடை. பதினேழு வருஷத்தில் வரப்பு ஒரு முழம் மேற்கே போய்விட்டது. பனை நின்ற இடம் இப்போது என் வயலுக்குள் இருந்தது. அங்கே தோண்டினால் அதிகாரி முன்னாலேயே என் கை நீளம் தெரிந்துவிடும்.

"போதுங்க, பனை இல்லேன்னு எழுதிட்டுப் போகலாம்" என்றார் வைத்தியலிங்கம் அதிகாரியிடம்.

அந்த ஒரு முழத்தைப் பார்த்தால் ஆறு மாவும் போய்விடும். ஓரடி வயலுக்குள் இறங்கி வெட்டினேன். மூன்றாம் வெட்டில் மண்வெட்டி 'ணங்' என்றது. கரியாகக் கறுத்த பனையடி. பக்கத்திலேயே இன்னொன்று.

அதிகாரி குனிந்து பார்த்தார். "எல்லைப் பனை வரப்புல இல்ல இருக்கணும்? வயலுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"பனை நகரலீங்க. வரப்புதான் நகர்ந்துச்சு" என்றேன்.

காயாரோகணம் எழுந்துவிட்டான். "அடப்பாவி, நானும் வருஷா வருஷம் நடவுல ஒரு வரிசை குறையுதே, குறையுதேன்னு பார்க்கிறேன். எழுதிக்குங்கய்யா. பதினேழு வருஷமா என் வரப்பைத் தின்னது இந்த ஆளுதான்."

"வேற யாரும் இல்லையா? பண்ணை ஆளுங்க யாராவது?" என்று கேட்டார் அதிகாரி.

"பண்ணை ஆளு எவன் இங்க வந்தான்? செதுக்கினது இவன், உழுதது இவன், அறுத்தது இவன். நான் கண்ணால பார்த்தேன், எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். வைத்தியலிங்கம் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார். என் அனுபோகத்துக்குக் காயாரோகணத்தைப் போல ஒரு சாட்சியை எந்த வக்கீலும் தேடித் தந்திருக்க முடியாது. அந்த ஒரு முழத்தை அன்றைக்கே கயிறு பிடித்து அவனுக்கு விட்டுக் கொடுத்தேன். ஐப்பசியில் பதிவேட்டில் என் பெயர் ஏறியது.

தை அறுப்பு முடிந்ததும் ஜங்ஷனுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு ஜெக்கரியா சார் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு அகராதியைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். மடியிலிருந்து ஒன்பது ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தேன். எண்ணிப் பார்த்தவர் ஏழரையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், மிச்சம்?"

"அஞ்சு வார்த்தைக்குத்தான் நான் வேலை பார்த்தேன். ஆறாவதுக்குத் தெரியலைன்னு சொன்னேனே."

"அப்ப ஏன் ஒன்பதுன்னு எழுதினீங்க?"

"அறுப்புக்குள்ள எங்கயாவது கெடைச்சிரும்னு பார்த்தேன். தஞ்சாவூர் வரைக்கும் போயி வேற புஸ்தகமும் பார்த்துட்டேன், அதுலயும் லேபிள் இல்ல."

"தெரியலைன்னு சொன்னதுக்கும் வச்சுக்குங்க சார். அந்தச் சீட்டை நம்பாம விட்டதே அதனாலதான்."

"டெலிவரி ஆகாத சரக்குக்குக் கூலி வாங்குற பழக்கம் இல்லீங்க. கையக் காட்டுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் மேஜையைச் சுற்றி வந்து, என் வலது கையை இழுத்து விரலைப் பிரித்தார். ஒரு ரூபாய் நோட்டை விரித்து வைத்து, அதன்மேல் ஓர் ஐம்பது காசை வைத்தார்.