சங்கிலிப்பாண்டி இறக்காத மூட்டை

மலையாளக் கரையில், கொச்சங்காடிச் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அந்தோணி. அந்தப் பெயர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் புழங்கும். கோயில் வாசலைத் தாண்டினால் பழையபடி பாண்டிதான். ஆள் கிடங்குக் கதவு மாதிரி. மனசு மட்டும் நனைந்த அப்பளம்.

அந்த மனசைத்தான் ஒரு வருஷமாகப் பயம் தின்றது. மாடிக்குக் கப்பியில் மூட்டை ஏற்றியபோது கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன். பீடி பற்றவைக்கக் கையை எடுத்தான். கீழே நின்ற கூட்டாளி நாணுவின் வலது கையில் மூட்டை விழுந்து, இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. எல்லாரும் நாணுவைத் தூக்கிக்கொண்டு ஓட, பாண்டி கயிற்றைக் கல்லில் தேய்த்து அறுத்துவைத்தான். கயிறு அறுந்துபோச்சு என்றான். காயம் ஆறியதும் நாணு சுள்ளிக்கல் கடைத்தெருவுக்குப் போய், கயிறு விற்றவனை இடக்கையால் ஓர் அறை அறைந்தான்.

இப்போது பாண்டியின் மனைவி வீரலட்சுமிக்கு நிறைமாதம்.

"பிள்ளைக்கு விரலெல்லாம் சரியா இருக்கும்ல?" என்று தினமும் கேட்பான்.

"உள்ளே போயி எண்ணிட்டு வாங்களேன்" என்பாள்.

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் காதில் எல்லாவற்றையும் கொட்டினான். தமிழ் தெரிந்த அச்சன், இவனுக்குப் புரியட்டுமென்று இவன் தொழிலிலேயே சொன்னார்: "ஏசு நம்ம பாவத்துக்குச் சுமைதாங்கியாணு, மகனே."

பாண்டிக்கு வியர்த்துவிட்டது. அவன் ஊர்ப்பக்கம் பிள்ளையை வயிற்றில் வைத்தபடியே செத்துப்போன பெண்ணுக்காகத்தான் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். தன் பாரத்தை இறக்காமல் போனவள், வழியில் போகிறவர்கள் பாரத்தையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று.

"அச்சோ, அப்ப என் பாவத்துக்கு என் பெண்டாட்டியக் கல்லாக்கிருவாரா?"

அச்சன் கம்பிவலைக்கு அருகே வாயைக் கொண்டுவந்தார்.

"இல்லெடா. அதுக்கு இனி யாரும் சாகவேண்டாம். அவர் செத்தாச்சு, சிலுவையிலே. பாரம் அவர் தோளுக்குப் போயாச்சு. நீயாணு இன்னும் பிடிச்சுத் தொங்கறது. கையை விடு."

"கையை விட்டுத்தானே அச்சோ இந்த வினையே வந்துச்சு!"

அச்சன் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. பாவமன்னிப்பு கொடுத்துவிட்டு, "நாணுகிட்டே சொல்லிடு" என்றார்.

"சொன்னாத்தான் மன்னிப்பா?"

"மன்னிப்பு கிட்டியாச்சு. அதனாலே சொல்லு."

மறுநாள் சாயாக்கடையில் நாணுவிடம் சொன்னான். நாணு தன் சாயாவை அப்படியே அவன் சட்டையில் ஊற்றினான்.

"எடா பட்டி, நாயே! அந்தப் பாவம் கயித்துக்காரனை நான் வெறுதே அடிச்சேனேடா!"

போன விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டையைப் பிடித்துச் சுள்ளிக்கல்வரை இழுத்துக்கொண்டு போனான். கயிற்றுக்கடைக்காரன் நாணுவைக் கண்டதுமே கன்னத்தைப் பொத்திக்கொண்டான். பாண்டி முன்னால் போய்த் தன் கன்னத்தை நீட்டினான்.

"எனக்கு விழவேண்டிய அடிய நீங்க வாங்கிட்டீங்க, அண்ணாச்சி. உங்க கயிறு தானா அறுந்துபோகலை. அறுத்தது நான்."

கடைக்காரன் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "அதைத் தெருவைப் பார்த்துச் சொல்லும்" என்றான். பாண்டி தெருவைப் பார்த்துக் கத்தினான். குடை பிடித்துப் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் பாண்டி மனைவியின் வயிற்றைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. வீரலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கு விரலைப் பத்திக் கேக்கலையே?"

"எத்தனை இருந்தாலும் வரட்டும் புள்ள" என்றான்.